இடது காது

மாதா கோயில் கொடியேற்றத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் தூத்துக்குடி திரேஸ்புரம் போனேன். கச்சான் காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது. கடல் கலங்கிக் கிடந்ததால் சங்கு குளிக்க யாரும் போகவில்லை. வாசலில் சாக்கை விரித்துச் சங்கு தரம் பிரித்துக்கொண்டிருந்த அண்ணாச்சியிடம் பேச்சுக் கொடுத்தேன். பதில் இல்லை. இரண்டாம் முறை கூப்பிட்டதும் நிமிர்ந்தார். "வலது காது போச்சு தம்பி. இந்தப் பக்கம் வந்து உக்காரு."

கடலுக்குள் பத்து மீட்டர் இறங்கினாலே அழுத்தம் கரையில் இருப்பதைப்போல இரண்டு மடங்காகிவிடும். சளி பிடித்திருந்த ஒருநாள், வருமானத்தை விட மனமில்லாமல் இறங்கியிருக்கிறார். காதுக்குள் பட்டாசு வெடித்த மாதிரி இருந்ததாம். மேலே வந்தால் ரத்தம்.

கையில் ஓர் இரும்பு வளையம். பழுப்புத் தோல் உரியாத சங்கை அதில் விடுவார். நழுவி விழுந்தால் பொடிசு, தனிக் குவியல். விழாததைக் கவிழ்த்து முதுகைத் தடவுவார். புழு அரித்த துளை விரலில் தட்டுப்பட்டால் விலை தேறாது. நல்ல சங்கு வங்காளத்துக்குப் போய், வளையமாக அறுபட்டு, கல்யாணமான பெண்கள் கையில் வெள்ளை வளையலாகும்.

முத்துக்குளித்த காலத்தில் குளிப்பவனின் கயிறு மச்சான் கையில் இருக்குமாம். தங்கச்சி தாலி அறுபட அவன் விடமாட்டான் என்கிற கணக்கு. கடைசி முத்துக்குளிப்பு 1961-ல். அதில் இவருடைய அப்பா குளித்திருக்கிறார். இப்போது வாயில் ரப்பர் குழாய், படகில் கம்ப்ரஸர்.

"மச்சான் தூங்கினா எழுப்பலாம். மிஷின் நின்னா?"

மறுநாள், ஜூலை 26, பனிமய மாதா பேராலயம். வயதானவர்களுக்கு இன்னும் தஸ்நேவிஸ் மாதாதான். நேவிஸ் என்றால் போர்த்துக்கீசிய மொழியில் பனி. ரோமாபுரியில் ஆகஸ்ட் மாதம் பனி பெய்ததாகச் சொல்லப்படும் புதுமையிலிருந்து வந்த பெயர். உப்பளமும் வெக்கையுமான ஊருக்கு இப்படியொரு பெயர் வாய்த்ததை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும், ஊர்க்காரர்களுக்கு வராது. மாதா சுரூபம் 1555-ல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது என்கிறது ஆலய வரலாறு. இப்போதுள்ள கோயில் 1713-ல் எழும்பியது. 1982-ல் பசிலிக்கா ஆனது. 1806-லிருந்து எப்போதாவது மட்டும் ஓடும் தங்கத்தேர் 2023-லும் ஓடியது. தேரின் பொன்னைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறார்கள். மூச்சடக்கிக் கடலுக்குள் போனவர்களின் காதைப் பற்றி நான் எங்கும் படித்ததில்லை.

அண்ணாச்சி பேரனோடு வந்திருந்தார். கோயிலுக்குள் எப்போதும் வலது ஓரத்தில்தான் உட்காருவாராம், பிரசங்கம் இடது காதில் விழ.

கொடி ஏறியது. பழைய துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் சங்கு ஊதின. எல்லோரும் கொடிமரத்தை அண்ணாந்து பார்த்திருக்க, பேரன் சட்டையை இழுத்துக் கடல் பக்கம் கை காட்டினான். அண்ணாச்சி கொடியிலிருந்து முகத்தைத் திருப்பி, இடது காதைக் கடலுக்குக் கொடுத்தார்.