எப்படித் தெரிந்தது?

ஆகஸ்ட் 4

தாவரவியல் முதலாண்டு. கோவையில் இந்தக் கல்லூரி வாழ்க்கை இப்போதுதான் பழகிவருகிறது. இன்று மேடம் கேட்ட முதல் கேள்வி: "ஒரு மரத்தோட எடை எங்கிருந்து வருது?" மண்ணிலிருந்து என்றார்கள் சிலர். ஒளிச்சேர்க்கை என்றோம் மற்றவர்கள். "சரி, மண்ணிலிருந்து வரலைன்னு எப்படித் தெரியும்?" என்றார். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியலில் நல்ல மதிப்பெண் வாங்கிய எங்களில் ஒருவருக்கும் பதில் இல்லை.

அதன்பின் வான் ஹெல்மாண்ட்டின் கதையைச் சொன்னார். 17ஆம் நூற்றாண்டு, பிரஸ்ஸல்ஸ் பக்கம். உலர்த்திய மண் 200 பவுண்டு எடுத்துத் தொட்டியில் போட்டு, 5 பவுண்டு வில்லோ கன்று ஒன்றை நட்டார். ஐந்து ஆண்டுகள் தண்ணீரைத் தவிர வேறெதுவும் தரவில்லை. மரம் 169 பவுண்டுக்கு வளர்ந்திருந்தது. மண்ணில் குறைந்தது ஏறக்குறைய 2 அவுன்ஸ்தான். மரம் மண்ணைத் தின்று பெருப்பதில்லை என்பது அந்தத் தராசிலேயே முடிவாகிவிட்டது. ஆனால் எடை முழுவதும் தண்ணீர்தான் என்று அவர் தீர்மானித்துக்கொண்டார். கரியை எரித்தால் வரும் வாயுவைக் காற்றிலிருந்து வேறானது என்று பிரித்துச் சொன்னவரும் இதே மனிதர்தான். அந்த வாயுதான் தன் மரத்துக்குள் கட்டையாகிக்கொண்டிருந்தது என்பது அவருக்குத் தெரியாமலே போய்விட்டது. விடுதிக்கு வந்த பிறகும் இதை நினைத்தால் மனசு என்னவோ செய்கிறது.

ஆகஸ்ட் 19

இன்று பிராக்டிகல்: வெங்காய வேர் நுனி. பள்ளியில் செல் பிரிவின் நிலைகளைப் பென்சிலால் எத்தனையோ தடவை வரைந்திருக்கிறேன். ஒரு செல்லை நேரில் பார்த்தது கிடையாது.

தண்ணீர் தொடும்படி உட்கார்த்திவைத்த வெங்காயங்களிலிருந்து வேர் நுனிகளைக் காலையிலேயே வெட்டி, ஆல்கஹாலும் அசிட்டிக் அமிலமும் கலந்த திரவத்தில் லேப் அட்டெண்டர் அண்ணன் போட்டுவைத்திருந்தார். அதில் விழுந்த கணத்தில் ஒவ்வொரு செல்லும் தான் செய்துகொண்டிருந்த வேலையின் நடுவிலேயே நின்றுவிடும். நுனியை அமிலத்தில் மென்மையாக்கி, அசிட்டோகார்மைன் சாயம் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் லேசாகச் சூடுகாட்டி, கவர் ஸ்லிப் வைத்துக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். நகர்த்தாமல், நேராக.

மைக்ராஸ்கோப்பில் முதலில் சிவப்புப் புள்ளிகள். ஃபோகஸைத் திருத்தத் திருத்த, ஒரு செல்லில் குரோமோசோம்கள் இரு பக்கமும் விலகிப்போகும் நடுவழியில் நின்றன. பக்கத்து மேசைத் தோழியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அனாஃபேஸ்டி!" என்று லேப் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் இன்றைய நாளின் முக்கியமான விஷயம். மேடம் எண்ணச் சொன்னார். நூறு செல்களை எடுத்துக்கொண்டு, எந்த நிலையில் எத்தனை என்று எழுத வேண்டும். எண்ணி முடித்ததும், "இதிலிருந்து ஒவ்வொரு நிலைக்கும் எவ்வளவு நேரம் ஆகும்னு சொல்லுங்க" என்றார். செத்துப்போய் அசையாமல் நிற்கும் செல்களில் நேரத்தை எங்கே தேடுவது?

வழி இருக்கிறது. செல்கள் ஒன்றுக்கொன்று பேசிவைத்துக்கொண்டு பிரிவதில்லை. ஒவ்வொன்றும் தன் சுற்றில் எங்கோ ஓர் இடத்தில் இருக்கிறது. அதனால் நீண்ட நேரம் பிடிக்கும் நிலையில் நிறைய செல்கள் மாட்டும். சட்டென்று முடியும் நிலையில் கொஞ்சம்தான் மாட்டும். ஒரு சுற்றுக்கு 24 மணி நேரம் என்று வைத்துக்கொண்டு, நூற்றில் 4 மெட்டாஃபேஸில் இருந்தால் அந்த நிலைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். பெரும்பாலான செல்கள் பிரியாமல் இருந்ததற்கும் இதுவே காரணம். நின்றுபோன ஒரு காட்சியை வைத்துக் காலத்தை அளந்துவிடலாம் என்பதைப் பள்ளியில் யாராவது சொல்லியிருந்தால், அந்தப் படங்களை வேறு மாதிரி வரைந்திருப்பேன்.

ஆகஸ்ட் 22

நூலகத்தில் தாவரவியலாளர் ஜானகி அம்மாளைப் பற்றிப் படித்தேன். 1897இல் தலச்சேரியில் பிறந்தவர். சென்னையில் ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தார். 1931இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். பிறகு அவர் வேலைக்கு வந்தது இங்கே, எங்கள் ஊரிலுள்ள கரும்பு இனப்பெருக்க நிறுவனத்துக்கு. கரும்பை வேறு புல்லினங்களோடு கலந்து, பிறந்த செடிகளின் குரோமோசோம்களை எண்ணினார். வெங்காயத்தில் 16 எண்ணவே எனக்குக் கண் வலித்தது. இனிப்புக் கரும்பில் 80. 1945இல் செல்லியல் அறிஞர் டார்லிங்டனோடு சேர்ந்து, பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பு நூலையே வெளியிட்டார். பஸ்ஸில் போனால் எட்டிவிடும் தூரத்தில் அந்தக் கரும்பு வேலை நடந்திருக்கிறது. என் பள்ளியில் இவர் பெயரை ஏன் யாரும் சொல்லவில்லை?

செப்டம்பர் 9

இன்டர்னல் தேர்வு. படம் வரைந்து பாகங்களைக் குறி, வேறுபடுத்து, குறிப்பு வரைக. எல்லாமே தெரிந்தவைதான். ஆனால் எப்படித் தெரிந்தது என்று ஒரு கேள்விகூட இல்லை. ஐந்து மதிப்பெண்ணுக்காவது கேட்க வேண்டும். அப்போதுதான் எல்லோரும் அதைப் படிப்பார்கள்.

செப்டம்பர் 16

டிஎன்ஏ இரட்டிப்பு. பாடநூலில் மெசல்சன், ஸ்டால் சோதனை, 1958. முடிவு அடுத்த பக்கத்தில் இருந்தது. பக்கத்தைத் திருப்பாமல் நானே போட்டுப்பார்த்தேன்.

பாக்டீரியாவைக் கனமான நைட்ரஜன்-15இல் பல தலைமுறை வளர்த்து, பிறகு சாதாரண நைட்ரஜன்-14க்கு மாற்றுகிறார்கள். எடுத்த டிஎன்ஏவை சீசியம் குளோரைடு கரைசலில் அதிவேகமாகச் சுழற்றினால், அடர்த்திக்கேற்ற மட்டத்தில் பட்டையாக நிற்கும். டிஎன்ஏ இரட்டிக்கும்போது பழைய இழை இரண்டும் பிரியாமல் சேர்ந்தே இருந்தால், ஒரு தலைமுறைக்குப் பின் கனமான பட்டை ஒன்று, லேசான பட்டை ஒன்று. ஒரு பழைய இழையோடு ஒரு புதிய இழை சேர்ந்தால், நடுவில் ஒரே பட்டை. வந்தது நடுப்பட்டை; அதுவரை இந்தப் பக்கத்திலேயே இருந்தது.

இதோடு முடிந்தது என்று எழுதப்போனவள் நிறுத்தினேன். பழையதும் புதியதும் துண்டு துண்டாக இரண்டு இழையிலும் கலந்திருந்தாலும் இதே நடுப்பட்டைதானே வரும்? அப்படியானால் இன்னொரு தலைமுறை காத்திருக்க வேண்டும். கலந்திருந்தால் அப்போதும் ஒரே பட்டைதான், கொஞ்சம் மேலே ஏறியிருக்கும். இழை இழையாகப் பிரிந்திருந்தால் நடுவில் ஒன்று, லேசானது ஒன்று, இரண்டும் சம அளவில்.

பக்கத்தைத் திருப்பினேன். இரண்டு பட்டைகள்.