எந்தப் பட்டம் வரை?

டாக்டருக்குப் படிக்க இடம் கிடைக்காத பெண் உங்கள் வீட்டிலும் இருக்கிறாளா? அப்படியானால் இந்த விஷயத்தைக் கொஞ்சம் கேளுங்கள்.

என் நாத்தனார் பெண் சென்னையில் பி.எஸ்ஸி. பிஸிஷியன் அஸிஸ்டென்ட் முடித்திருக்கிறாள். நோயாளியிடம் விவரம் கேட்டு எழுதுவது, பரிசோதிப்பது, ஆபரேஷனில் கூட நிற்பது, எல்லாம் டாக்டரின் மேற்பார்வையில். 1965-ல் அமெரிக்காவில் டியூக் சர்வகலாசாலையில் பிறந்த படிப்பு இது. 1992-ல் சென்னைக்கு வந்தது.

பெண்ணுக்கு அமெரிக்க வரன் ஒன்று வந்தது. உடனே நாத்தனாருக்கு ஒரு யோசனை. "அண்ணி, எம்.எஸ்ஸி.யும் முடித்துவிட்டால் போனதும் அங்கே வேலை கிடைக்குமே!" என்றாள்.

பெண் சிரித்தாள். "அத்தை, அம்மாவிடம் நீங்களாவது சொல்லுங்கள். இங்கே எத்தனை பட்டம் வாங்கினாலும் அங்கே லைசென்ஸ் கிடையாது" என்றாள்.

வாஸ்தவம்தான். அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற பயிற்சியை முடித்தவர்கள்தான் அந்நாட்டுத் தேசியப் பரீட்சை எழுத முடியும். அதில் தேறினால்தான் லைசென்ஸ். அங்கே முன்பு சர்ட்டிபிகேட் படித்தவரும், பி.எஸ். படித்தவரும், எம்.எஸ். படித்தவரும் ஒரே பரீட்சையைத்தான் எழுதினார்கள். அந்தக் காலம் மலையேறிவிட்டது. பழைய பள்ளிகளுக்கும் 2020-ம் ஆண்டு முடிவு வரைதான் தவணை. இப்போது முதுகலைப் பட்டம் கட்டாயம். ஏதாவது ஒரு பட்டம், விஞ்ஞானப் பாடங்கள், பெரும்பாலும் நோயாளிகளோடு பழகிய அனுபவம், இவற்றோடு சேர்ந்தால் சுமார் 27 மாதப் படிப்பு. செலவோ சாமானியமல்ல. இதற்கும் மேலே டாக்டரேட் பட்டம்கூட வந்திருக்கிறது; ஆனால் லைசென்ஸ் என்னவோ ஒன்றுதான்!

அப்படியானால் இங்கே எம்.எஸ்ஸி. வீணா? இல்லை. கல்லூரியில் சொல்லிக்கொடுக்க ஆசையிருந்தால், ஒரு துறையில் ஆழமாக இறங்க விரும்பினால், தாராளமாகப் படிக்கட்டும். கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் போடுவதற்காக மட்டும் இரண்டு வருஷமும் பணமும் செலவழிக்க வேண்டுமா?

பெண் தானே பிள்ளை வீட்டாரிடம் பேசினாள். "அங்கே வந்தால் நான் மறுபடியும் படிக்க வேண்டும். அதற்குச் சம்மதமா?" என்று நேராகவே கேட்டாள். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். பதில் இன்னும் வரவில்லை. அவள் இருதய ஆபரேஷன் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து, சம்பளத்தில் ஒரு பகுதியைச் சேமித்து வருகிறாள்.

சகோதரிகளே, பட்டத்தை எண்ணுவதற்கு முன் உங்கள் பெண்ணிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். எந்த ஊரில் வேலை செய்யப் போகிறாய்? அந்த ஊர் எதைக் கேட்கிறது? பதில் தெரிந்துவிட்டால், எந்தப் பட்டம் வரை என்பதை அவளே சொல்லிவிடுவாள்.