வாழையடியில் வந்த நோய்

“வாழையடி வாழையாக வாழ்க” என வாழ்த்துவது தமிழர் மரபு. தாய்மரம் மடிந்தாலும் அதன் அடியிற் கிளம்பிய குட்டி குலத்தைத் தொடரும் என்பதே அவ்வாழ்த்தின் பொருள். ஆயின், குலம் தொடரும் அதே வழியில் நோயும் தொடரக்கூடும் என்பதை நீர்வேலியைச் சேர்ந்த கமக்காரர் ஒருவர் தம் எழுபதாம் வயதிலேதான் அறிய நேர்ந்தது.

செம்மண்ணில் நாற்பது ஆண்டுகளாக வாழை வைத்தவர் அவர். அவருடைய கதலிக் குட்டிகளுக்கு அயலிலே தனி மதிப்பிருந்தது. கேட்டவருக்கு அவர் இல்லையென்றதில்லை, காசு வாங்கியதுமில்லை. மகள் வாழப்போன வீட்டு வளவிலும் அவர் கொடுத்த கதலியே நின்றது.

ஒரு மாரி கழிந்தபின், கிணற்றடி வாழையொன்றின் புதிய இலைகள் குறுகி, ஒடுங்கி, ஓரம் மஞ்சளித்து, விரிந்து சாயாமல் விறைத்து நிமிர்ந்தன. தலையிற் கொத்தாகச் செருகி வைத்தாற்போல அவை நெருங்கி நின்றன. பசளைக் குறைவென்று எண்ணிய பெரியவர் எருவிட்டார், இறைப்பைக் கூட்டினார். அடுத்துக் கிளம்பிய குட்டி இன்னும் குள்ளமாகவே வந்தது. அதனைப் பார்க்க வந்த விவசாயப் போதனாசிரியர், இலைக்காம்பை வெயிலுக்குப் பிடித்து, புள்ளியும் கோடுமாக ஓடிய கரும்பச்சைக் கீற்றுகளைக் காட்டினார்.

“ஐயா, இது முடிக்கொத்து நோய். மருந்தில்லை. இந்த அடியிலை நிக்கிற எல்லாத்தையும் கிழங்கோடை கிண்டி அழிக்கவேணும்.”

“நல்லாய் நிக்கிறதையுமோ, பிள்ளை?”

“ஓம் ஐயா, அதையுந்தான்.”

பூஞ்சண நோயை மருந்து தெளித்துக் கட்டுப்படுத்தலாம். வைரசோ பயிரின் கலத்தினுள்ளே புகுந்து, அக்கலத்தின் தொழிலையே தன் பெருக்கத்துக்குப் பயன்படுத்துவது. தோட்டத்தில் அதனை மட்டும் அழித்துப் பயிரைக் காக்கும் மருந்து இல்லை. இந்நோயை மரத்துக்கு மரம் காவிச் செல்வது வாழை அழுக்கணவன். ஊருக்கு ஊர் காவிச் செல்பவன் மனிதன். தொற்றிய மரத்தில் அறிகுறி தோன்ற வாரக்கணக்காகும். அதுவரை குட்டி செழிப்பாகவே தோன்றும். ஒரே கிழங்கினால் இணைந்த குட்டிகளுக்குள்ளும் நோய் காலப்போக்கிற் பரவிவிடும்.

இலங்கையில் இந்நோய் 1913ஆம் ஆண்டளவிலேயே அறியப்பட்டது. அதே காலத்தில் அவுஸ்திரேலியாவின் துவீட் பள்ளத்தாக்கிலும் அது தோன்றியது. 1920களின் நடுப்பகுதிக்குள் அங்கு தோட்டங்கள் பலவும் கைவிடப்பட்டன. அழுக்கணவன் மூலம் பரவும் வைரசே காரணமென்பதை நிறுவிய மகீயின் ஆய்வு 1927இல் வெளிவந்தது. அந்நாட்டார் மருந்து தேடிக் காலம் கழிக்கவில்லை. நோயுற்ற மரத்தை அழிப்பது சட்டமாயிற்று, தோட்டங்கள் சோதிக்கப்பட்டன, கண்ட இடத்திற் குட்டி வாங்கி நடுவது தடுக்கப்பட்டது. அதனால் வாழைச் செய்கை மீண்டது. ஒருவன் தன் தோட்டத்தை மட்டும் காத்து இந்நோயை வெல்ல முடியாது. அயலவனும் அழித்தாலன்றிப் பயனில்லை என்பதே அவ்வரலாறு தரும் பாடமாகும். மறுபுறம், 1940ஆம் ஆண்டளவில் கேரளத்தை இந்நோய் அடைந்தது இலங்கையிலிருந்தே எனக் கருதப்படுகிறது. கடல்கடந்து சென்ற அக்குட்டிகளை எடுத்துச் சென்றவரும் தீங்கெண்ணிச் செய்திருக்கமாட்டார்.

பெரியவர் குருத்துக்குள் மண்ணெண்ணெய் ஊற்றினார். அழுக்கணவனைக் கொல்லாது மரத்தைச் சாய்த்தால் அவை அடுத்த வாழைக்கு ஏறிவிடும். பின்னர் அலவாங்கினாற் கிழங்கைப் பெயர்த்து, மீண்டும் முளைக்காதபடி துண்டு துண்டாக வெட்டினார். அந்த வேலை ஒரு பகலில் முடிந்தது. முடியாத வேலை ஒன்று எஞ்சியிருந்தது: எவர் எவருக்குக் குட்டி கொடுத்தோம் என்று நினைவுபடுத்துவது.

முதலில் மகள் வீட்டுக்கே போனார். அங்கு ஒரு மரம் குலை தள்ளியிருந்தது. அதன் அடியில் நின்ற குட்டியோ கொத்தாகக் குறுகியிருந்தது. “குலை தள்ளின மரத்தை வெட்டுறதோ, சம்பந்தி?” என்று சம்பந்தியம்மா கேட்டார். பெரியவர் உடனே விடை கூறவில்லை. கொடுத்ததைத் திரும்பக் கேட்பதைவிட, கொடுத்ததை வெட்டச் சொல்வது கடினமாயிருந்தது. “நான் தந்ததுதானே, நானே வெட்டுறன்” என்று இறுதியிற் கூறினார். மாலை வரை அங்கே கிண்டினார். மறுநாள் அடுத்த வீடு. சிலர் உடன்பட்டனர், ஒருவர் படலையைச் சாத்திக்கொண்டார். அந்தப் படலைக்கு அவர் மூன்று முறை போனார். மூன்றாம் முறை அது திறந்தது.

இப்பொழுது கிணற்றடியில் வைரசு இல்லையெனச் சோதித்துப் பெற்ற இழைய வளர்ப்புக் கன்றுகள் நிற்கின்றன. கிழமைக்கொரு முறை அவர் காம்புகளை வெயிலுக்குப் பிடித்துப் பார்க்கிறார். குட்டி கேட்டு வருவோர் இன்றும் உளர். “கொஞ்சம் பொறு, மோனை. இன்னும் சில இலை விடட்டும், பாத்துத்தான் தருவன்” என்கிறார் அவர்.