கோலாலம்பூரில் நல்ல பர்கர் எங்கே?



மதரஸாவில் பாடம் நடத்துகிற ஒருவன் பர்கரைப் பற்றி எழுதப் புகுந்தால், "ஆலிம்சாவுக்கு ஏன் இந்த வேலை?" என்று நீங்கள் புன்முறுவல் பூக்கக்கூடும். உண்பதும் பருகுவதும் நம் மார்க்கத்துக்குப் புறம்பானவையா என்ன? எதை உண்கிறோம், அது எவ்வழியில் வந்தது, யாருடைய உழைப்பில் விளைந்தது என்று கேட்டு உண்ணும்படி பயிற்றுவிக்கப்பட்ட சமுதாயம் நாம். நம் வீட்டுப் பிள்ளைகள் பர்கரை விரும்பி உண்கிறார்கள். நம்மில் பலருக்கு மலேசியாவில் உறவினர் இருக்கின்றனர். அவர்களைக் காணக் கோலாலம்பூர் செல்வோரும் ஏராளம். ஆகவே, அம்மாநகரில் நல்ல பர்கர் எங்கே கிடைக்கும் என்பதை உங்களுக்குச் சொல்வது பயனற்ற பேச்சாகாது என்று நம்புகிறேன்.

2023-ஆம் ஆண்டு ரமளான் மாதத்தை, மதரஸா விடுமுறையில், கோலாலம்பூரில் கழிக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. என் தாய்மாமா 1950-களில் இராமநாதபுரம் சீமையிலிருந்து சபர் சென்று அங்கேயே நிலைத்தவர். அவருடைய மகனாகிய என் மச்சான், மஸ்ஜித் இந்தியா பகுதியில் உணவகம் நடத்துகிறார். அவர் வீட்டில்தான் தங்கினேன்.

பெயரில் வந்த ஐயம்

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. 'ஹாம்' என்னும் ஆங்கிலச் சொல் பன்றித் தொடை இறைச்சியைக் குறிக்கும். அதனால் 'ஹாம்பர்கர்' என்ற பெயரைக் கேட்டதுமே முகம் சுளிக்கும் பெரியவர்கள் நம் ஊர்களில் இன்றும் உண்டு. உண்மையில் அப்பெயர் ஜெர்மனியின் துறைமுக நகரமாகிய ஹாம்பர்க்கிலிருந்து வந்தது. அந்நகரின் பெயரால் வழங்கிய கொத்திய மாட்டிறைச்சி, குடியேறிய மக்களோடு கடல் கடந்து அமெரிக்கா சென்று, அங்கே ரொட்டிக்கு நடுவில் இடம் பிடித்தது. நம் வீடுகளில் கொத்துக்கறியை உருட்டிக் கோலா உருண்டை செய்கிறோம் அல்லவா? அதைத் தட்டையாக்கிக் கல்லில் சுட்டுப் பன்னுக்குள் வைத்தது போன்றதுதான் இது. மலேசியாவில் 'ஹாம்' என்பதை விட்டுவிட்டுப் 'பர்கர்' என்றே வழங்குகிறார்கள்.

பெயரில் குற்றமில்லை என்பதால் பொருள் ஹலாலாகிவிடாது. பிராணி எப்படி அறுக்கப்பட்டது, எந்தக் கொழுப்பில் பொரிக்கப்பட்டது, அதே கல்லில் வேறு எது வெந்தது என்பவை எல்லாம் கேட்டறிய வேண்டியவை. இந்தக் கேள்விகளிலிருந்துதான் கோலாலம்பூரின் தனிச்சிறப்பான பர்கர் பிறந்தது.

ஐயத்திலிருந்து ஒரு தொழில்

மலேசிய மண்ணில் அமெரிக்க விரைவு உணவுக் கடை முதன்முதலாக நுழைந்தது 1963-இல். இன்று துவாங்கு அப்துர் ரஹ்மான் சாலை என்று வழங்கும் அன்றைய பத்து ரோட்டில் ஏ அண்ட் டபிள்யூ நிறுவனம் கடை திறந்தது. 1982-இல் புக்கிட் பிந்தாங்கில் மெக்டொனால்ட்ஸ் வந்தது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட 1979-இல், ரம்லி பின் மொக்னி என்ற மலாய் இளைஞரும் அவர் மனைவியும், கடைகளில் கிடைத்த பர்கர் இறைச்சி ஹலால்தானா என்ற ஐயம் நீங்காமல், தாங்களே அதைத் தயாரிக்கத் தொடங்கினர். வீட்டில் கைகளால் செய்து தெருவில் வைத்து விற்றனர். அந்தச் சிறு தொழில் இன்று பெரும் தொழிற்சாலையாக வளர்ந்திருக்கிறது. 'ரம்லி பர்கர்' என்பது அந்நாட்டில் தெருவோரப் பர்கர் அனைத்துக்கும் பொதுப்பெயர் போலவே ஆகிவிட்டது.

வரலாறு படித்தவன் என்ற முறையில் இதை நான் மிக உயர்வாக எண்ணுகிறேன். ஐயம் தோன்றினால் நாம் பெரும்பாலும் செய்வது என்ன? ஒன்று, கண்ணை மூடிக்கொண்டு உண்கிறோம். அல்லது உண்பவரைக் குறை கூறிவிட்டு ஒதுங்குகிறோம். அந்தக் கணவனும் மனைவியும் மூன்றாவது வழியைக் கண்டனர். ஐயமற்ற ஒன்றைத் தம் கையால் செய்து பிறர்க்கும் கொடுத்தனர். அதனால் அவர்களுக்கு மட்டுமன்றி, அந்த இறைச்சியை வாங்கி மாலை வேளையில் தெருமுனையில் ஒரு வண்டியும் ஒரு குடையுமாக நிற்கும் எண்ணற்ற இளைஞர்களுக்கும் ரிஸ்க் கிடைத்தது.

கல்லின் முன்னே

இனி, பர்கர் செய்யப்படும் விதத்தைக் கேளுங்கள். மாலை மங்கியதும் வண்டி வந்து நிற்கும். தட்டையான இரும்புக் கல் காய்ந்ததும் மார்ஜரின் தடவி, பன்னை இரண்டாக்கி உட்புறம் பொன்னிறமாகச் சுடுவார்கள். இறைச்சி வட்டு ஒரு பக்கம் வெந்ததும், அதன் நடுவே கிடையாகக் கீறிப் புத்தகம் போல விரிப்பார்கள். உள்ளேயும் சூடு ஏற வேண்டும் என்பதற்காக. மேலே மிளகுத்தூளும் கறுப்புச் சாறும் விழும்.

'ஸ்பெஷல்' என்று கேட்டால், ஒரு முட்டையைக் கல்லில் உடைத்து மெல்லிய அடையாகப் பரப்பி, நடுவே இறைச்சியை வைத்து, நான்கு புறமும் மடித்து உறை போலச் செய்வார்கள். இதைக் கண்டதும் எனக்கு நம்மவர் கடைகளின் முர்தபா நினைவுக்கு வந்தது. மாவு விரிப்பில் கறியையும் முட்டையையும் வைத்து நான்காக மடிக்கும் அதே கைவண்ணம்! பிறகு அரிந்த முட்டைக்கோஸ், வெங்காயம், வெள்ளரி. மிளகாய்ச் சாறு, மயோனைஸ். தாளில் சுற்றிக் கையில் கொடுப்பார்கள். சாறு முழங்கை வரை வழியும். கைக்குட்டையின்றி உண்ண முற்படாதீர்கள்.

எங்கே செல்லலாம்?

மஸ்ஜித் இந்தியாவிலிருந்தே தொடங்கலாம். இந்திய முஸ்லிம்கள் 1863-இல் சிறிதாக எழுப்பிய பள்ளிவாசல் அது; இன்று தமிழில் பயான் ஒலிக்கும் பெரிய பள்ளியாக நிற்கிறது. அதையொட்டிய தெருக்களிலும், துவாங்கு அப்துர் ரஹ்மான் சாலைப் பக்கத்துச் சந்தைகளிலும் ரமளான் மாதத்தில் கூட்டம் அலைமோதும்.

அங்கிருந்து சற்றுத் தொலைவில் கம்போங் பாரு. 1900-ஆம் ஆண்டையொட்டி மலாய் மக்களின் வேளாண் குடியிருப்பாக ஒதுக்கப்பட்ட பகுதி. பலகை வீடுகளுக்கு மேலே 452 மீட்டர் உயர இரட்டைக் கோபுரம் ஒளிர்வதைப் பார்த்தபடி, பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து உண்ணலாம். தராவீஹுக்குப் பிந்திய சிற்றுண்டியை மலாய் மக்கள் 'மோரே' என்பார்கள். அந்நேரத்துக் கம்போங் பாருவை ஒருமுறையேனும் காண வேண்டும். கரி நெருப்பில் சுடும் 'பர்கர் பாக்கார்' வேண்டுமெனில் வங்சா மாஜு பக்கம் செல்லுங்கள். அது தடிமனானது, புகை மணம் உடையது, விலையும் சற்றுக் கூடுதல்.

ஒரு செய்தியை மறவாதீர்கள். சில உணவகங்களில் 'பன்றி இறைச்சி இல்லை' என்று எழுதியிருப்பார்கள். அது ஹலால் சான்று ஆகாது. மலேசியாவில் 1974 முதல் ஹலால் உறுதிக் கடிதமும், 1994 முதல் முத்திரையுடன் கூடிய சான்றிதழும் அரசின் சமயத் துறை வழியாக வழங்கப்பட்டு வருகின்றன. இன்று அப்பொறுப்பு 'ஜாக்கிம்' என்னும் துறையிடம் உள்ளது. பெரிய கடையானால் அந்த முத்திரையைத் தேடுங்கள். தெருவண்டிகள் பலவற்றில் தனிச் சான்றிதழ் இராது. அங்கே விற்பவரிடம் இறைச்சி வந்த உறையைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். எவரும் முகம் கோணுவதில்லை.

என் மருமகனின் வண்டி

இத்தனை இடங்களிலும் எது சிறந்தது என்று நீங்கள் கேட்டால், என் விடை சற்று ஒருதலைப்பட்சமானதே. தெருமுனை ஒன்றில் என் மச்சானின் மகன் நடத்தும் வண்டியில் உண்டதுதான் எனக்குச் சிறந்தது. நான் உண்டபோது விலை ஆறு ரிங்கிட்.

அவன் பட்டயப் படிப்பு முடித்தவன். அலுவலக வேலை ஒன்றில் ஈராண்டு இருந்துவிட்டு, அதை விட்டுத் தன் சேமிப்பில் வண்டி வாங்கினான். மச்சானுக்கு அது பெரும் மனவேதனை. "மச்சான், நீங்களே சொல்லுங்கள். எனக்கு உணவகம் இருக்கிறது. கல்லாவில் உட்கார வேண்டிய பிள்ளை தெருவில் நின்று பன் சுடுகிறான். ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது?" என்று என்னிடம் முறையிட்டார். தந்தையும் மகனும் ஒரே வீட்டில் வசித்தும், ஓராண்டாக ஸலாமுக்கு மேல் பேச்சில்லை. இடையில் மாமியின் கண்ணீர் வேறு.

மகனையும் தனியே கேட்டேன். "வாப்பாவின் கடை வாப்பா கட்டியது, மாமா. அதை நான் வேண்டாமென்று சொல்லவில்லை. நானாக ஒன்றைத் தொடங்கி நடத்தத் தெரிந்த பிறகு, அந்தக் கல்லாவில் உட்கார்ந்தால்தான் எனக்கு மரியாதை" என்றான். அவன் வண்டியில் தொழுகை விரிப்பு ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. இஷா பாங்கு ஒலித்ததும் அடுப்பை அணைத்தான். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்கவில்லை. அவர்களிற் பலர் அவனோடு தொழச் சென்றனர்.

நான் மச்சானிடம் மார்க்க உபதேசம் எதுவும் செய்யவில்லை. நபி தாவூத் (அலை) அவர்கள் அரசராயிருந்தும் தம் கையுழைப்பில் உண்டார்கள் என்பது அவருக்குத் தெரியாததன்று. அவருடைய தந்தையைப் பற்றி மட்டுமே நினைவூட்டினேன். ரஜூலா கப்பலில் வந்திறங்கிய மாமா, பத்து ரோட்டின் அஞ்சடியில் தள்ளுவண்டி வைத்துத் தேநீரும் ரொட்டியும் விற்ற கதையை, ஊருக்கு வரும்போதெல்லாம் எங்களுக்குப் பெருமையோடு சொல்வார். மழை வந்தால் வண்டியின் மேல் தார்ப்பாயைப் போர்த்திவிட்டுத் தாம் நனைந்து நிற்பாராம். "அந்த வண்டியைப் பற்றிச் சொல்லும்போது நமக்குப் பெருமையாயிருக்கிறது. பேரன் வைத்திருக்கும் வண்டி மட்டும் ஏன் தலைகுனிவாகத் தெரிகிறது, மச்சான்?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. தஸ்பீஹை உருட்டிக்கொண்டிருந்தார்.

நான்கைந்து நாள் கழித்து, ஸஹர் உணவின்போது, மகன் பக்கம் திரும்பாமலே, "வெங்காயம் எங்கே வாங்குகிறாய்?" என்றார். மகன் கடையின் பெயரைச் சொன்னான். "அவன் விலையைக் கூட்டிப் போடுவான். நம் கடைக்குச் சரக்குப் போடுகிறவரிடம் சொல்கிறேன், அவரிடம் வாங்கிக்கொள்" என்றார். அவ்வளவுதான். மாமி எழுந்து சமையலறைக்குள் சென்றுவிட்டார். வணிகக் குடும்பத்தில் பிறந்த ஒரு தந்தைக்குத் தம் அன்பைச் சொல்ல இதைவிட வேறு மொழி தெரிந்திருக்க நியாயமில்லை.

நான் ஊர் திரும்பும்வரை மச்சான் அந்த வண்டியின் பக்கம் வந்து நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் வெங்காயம் நாள்தோறும் நேரத்தோடு வந்து சேர்ந்தது.

வாசகப் பெற்றோர்களே! நம் பிள்ளைகள் நாம் வகுத்த கல்லாவில்தான் அமர வேண்டும் என்று எண்ணுகிறோம். அவர்கள் பொய் சொல்லாமல், வட்டியில் விழாமல், தொழுகையை விடாமல் ஒரு தெருமுனையில் நின்று சம்பாதித்தால், அந்தத் தொழிலின் பெயரைக் கேட்டு முகம் சுளிக்கிறோம். பெயரில் வரும் ஐயம் பெரும்பாலும் பொருளில் இருப்பதில்லை. சற்று அருகில் சென்று விசாரித்துப் பார்த்தால் தெளிந்துவிடும்.

கோலாலம்பூர் செல்லும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தால், கண்ணாடிக் கதவு போட்ட கடைகளைக் கடந்து, குடையின் கீழ் ஓர் இளைஞன் நிற்கும் வண்டியைத் தேடுங்கள். உறையைக் கேட்டுப் பாருங்கள். மனநிறைவு ஏற்பட்டால் பிஸ்மி சொல்லி உண்ணுங்கள். உண்டபின் அவன் தொழிலில் பரக்கத் வேண்டி ஒரு துஆ செய்யுங்கள். அவனுடைய வாப்பாவும் எங்கோ ஒரு கல்லாவில் அமர்ந்து அவனையே நினைத்துக்கொண்டிருக்கலாம்.

வல்ல ரஹ்மான் நம் அனைவரின் வீடுகளிலும் ஹலாலான உணவையும், பெற்றோர் பிள்ளைகளிடையே இணக்கத்தையும் நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.