“மறுபடியும் வருவீர்களா?”



இந்த வாரத் தியானத்தை என் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன். சிங்கப்பூரில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் எங்கள் மகள், கடந்த ஜூன் விடுமுறையில் தன் உடன்மாணவர்களோடு சீனாவின் யுன்னான் மாகாணத்திற்குச் சென்றாள். மலைப்பகுதியிலுள்ள ஒரு மேல்நிலைப் பள்ளியில் இரண்டு வாரங்கள் ஆங்கிலம் கற்பிப்பதே அவர்கள் ஏற்றுக்கொண்ட தொண்டு. புறப்படுமுன் அவள் என்னிடம் கேட்டாள்: “அப்பா, அங்கே பள்ளிக்கூடத்தில் மதத்தைப் பற்றிப் பேச அனுமதி இல்லை. இயேசுவின் பெயரைச் சொல்ல முடியாத இடத்தில் நான் எப்படிச் சாட்சியாக இருப்பேன்?” “உண்மையாயிரு, அது போதும்” என்றேன். அந்தப் பதிலின் பாரம் அப்போது எனக்கே தெரியவில்லை.

அவள் கண்ட பள்ளி வாழ்க்கை கடினமானது. மாணவர்கள் விடியற்காலையிலேயே வகுப்பில் அமர்ந்து பாடங்களை உரக்க வாசிப்பார்கள். ஆசிரியர் நுழைந்ததும் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் ஒன்றாய் எழுந்து “லாவ்ஷி ஹாவ்” என்று வணங்குவார்கள். மேசைமேல் புத்தகங்கள் குவிந்திருப்பதால் பல முகங்கள் தெரியவே தெரியா. மதிய உணவுக்குப்பின் அந்த மேசைகளிலேயே தலைசாய்த்துச் சிறிது உறங்கி, இரவு வெகுநேரம் வரை மறுபடியும் படிப்பார்கள். ஆண்டுதோறும் ஜூன் 7, 8 தேதிகளில் தொடங்கும் ‘காவ்காவ்’ என்னும் நுழைவுத் தேர்வே இத்தனைக்கும் காரணம்.

அவர்களில் பலர் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர்கள். பெற்றோர் குவாங்டாங் போன்ற கடலோர மாகாணங்களின் தொழிற்சாலைகளில் உழைக்கிறார்கள். குடும்பப் பதிவு உள்ள மாகாணத்திலேயே அந்தத் தேர்வை எழுதவேண்டும் என்பது பொது விதி. ஆகவே பிள்ளைகள் ஊரிலேயே தங்கிவிடுகிறார்கள். தாயும் தகப்பனும் பெரும்பாலும் சீனப் புத்தாண்டுக்கு மட்டுமே வீடு வந்துசேர்கிறார்கள். இப்படிப்பட்டவர்களைச் சீனர்கள் ‘பின்னே விடப்பட்ட பிள்ளைகள்’ என்ற பொருளுள்ள சொல்லால் அழைக்கிறார்கள். “வருகிறேன்” என்ற ஒரு வார்த்தையை ஆண்டு முழுவதும் பிடித்துக்கொண்டு வாழும் பிள்ளைகள் அவர்கள்.

கடைசி நாளில், இரண்டு வாரமும் வாய்திறவாத ஒரு மாணவி மழையில் நனைந்தபடி வாசலுக்கு வந்தாள். மனப்பாடம் செய்துவந்த ஆங்கிலத்தில், “மறுபடியும் வருவீர்களா?” என்று கேட்டாள். “கண்டிப்பாக வருவேன்” என்றாள் என் மகள். நாமும் விடைபெறும்போது “போய்வருகிறேன்” என்கிறோம்; அதை யாரும் வாக்குறுதியாக எண்ணுவதில்லை. அந்தப் பெண்ணோ, “எப்போது?” என்று கேட்டாள். “அடுத்த வருடம்” என்று இவள் சொல்லிவிட்டாள். அதற்குள் இவளுடைய படிப்பு முடிந்துவிடும். அந்தக் குழுவும் வேறொரு பள்ளிக்குச் செல்லும். சொல்லும்போதே அது இவளுக்குத் தெரியும்.

வீடு திரும்பிய இரவு அவள் இதைச் சொல்லி அழுதாள். “அன்பினால் சொன்னதுதானே, அம்மா” என்று தேற்றினேன். “உண்மையாயிருந்தால் போதும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள், அப்பா?” என்றாள். நான் வாயடைத்துப்போனேன்.

ஏனெனில் எனக்கும் ஒரு நினைவு வந்தது. ஒரு ஞாயிறு ஆராதனைக்குப்பின், நம் சபையின் வயதான தாயார் ஒருவரிடம் “வருகிற சனிக்கிழமை வீட்டிற்கு வருகிறேன்” என்று சொன்னேன். மூன்று சனிக்கிழமைகள் கடந்தபின்னரே போனேன். அவர் குறைசொல்லவில்லை. “ஒவ்வொரு சனிக்கிழமையும் பால் வாங்கி வைத்தேன், பாஸ்டர்” என்று மட்டும் சொன்னார்.

பவுல் அப்போஸ்தலனும் கொரிந்துவுக்கு வருவதாகத் திட்டமிட்டு, பின்பு அதை மாற்ற நேர்ந்தது. 2 கொரிந்தியர் முதல் அதிகாரத்தை வாசித்துப்பாருங்கள். அவர் அதை அற்பமாக எண்ணவில்லை. தேவனைச் சாட்சியாக வைத்துக் காரணத்தை எழுதுகிறார். தேவனுடைய வாக்குத்தத்தங்கள் யாவும் உறுதிப்படுகிற கிறிஸ்துவையே காட்டுகிறார். நம்முடைய ‘ஆம்’ ஆணையின் துணையின்றியே நிற்கவேண்டும் என்று மத்தேயு 5:37-ல் ஆண்டவரும் போதிக்கிறார்.

அதே சீனாவில் தங்கிவிட்ட ஒரு மனிதரும் உண்டு. 1924-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற எரிக் லிடல், 1925-ல் தியான்ஜின் நகரப் பள்ளியொன்றில் அறிவியல் ஆசிரியரானார். 1941-ல் மனைவியையும் பிள்ளைகளையும் கனடாவுக்கு அனுப்பிவிட்டுத் தாம் அங்கேயே இருந்தார். 1943-ல் ஜப்பானியர் அவரை வெய்ஸியன் முகாமில் அடைத்தபோது, அங்கிருந்த பிள்ளைகளுக்கும் கற்பித்தார். 1945 பிப்ரவரி 21 அன்று அந்த முகாமிலேயே மரித்தார். எல்லோரும் அவரைப்போல் தங்கும்படி அழைக்கப்படவில்லை. ஆனால் இரண்டு வாரம் செல்லுகிறவர், அந்த இரண்டு வாரத்தைக் குறித்தாவது உண்மையாயிருக்கலாம்.

என் மகள் வகுப்பாசிரியர் மூலமாக அந்த மாணவிக்குக் கடிதம் எழுதினாள்: “அடுத்த வருடம் வருவேன் என்றேன், அது உண்மையல்ல, என்னை மன்னித்துவிடு. மாதம் ஒரு கடிதம் எழுத என்னால் முடியும், அதைச் செய்வேன்.” பதில் இன்னும் வரவில்லை. இரண்டாம் கடிதத்தைச் சென்ற வாரம் அனுப்பினாள்.

பிரியமானவர்களே, “உங்களுக்காக ஜெபிக்கிறேன்”, “ஒருநாள் வந்து பார்க்கிறேன்” என்று யாரிடம் சொல்லி மறந்திருக்கிறோம்? இந்த வாரம் அவற்றில் ஒன்றையாவது நிறைவேற்றுவோம். முடியாததாயின், முடியாது என்று சொல்லி மன்னிப்புக் கேட்போம். நானும் இந்தச் சனிக்கிழமை அந்தத் தாயாரைச் சந்திக்கப் போகிறேன்.

ஜெபம்: வாக்கு மாறாத ஆண்டவரே, எளிதாய்ச் சொல்லிவிடும் எங்கள் நாவைக் காத்தருளும். எங்கள் வார்த்தையை நம்பி யாரோ ஒருவர் வாசலில் காத்திருக்கிறார் என்பதை எங்களுக்கு உணர்த்தும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.