வால்வை மாற்றும் முன்



எங்கள் பள்ளிப் பாடகர் குழுவிற்கு நான் கிட்டார் வாசிப்பதுண்டு. அதற்கென ஒருவர் பயன்படுத்திய வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வாங்கினேன். அமெரிக்கர் டியூப் என்பதைத்தான் நம் தாத்தாக்களின் வானொலிக் காலந்தொட்டு நாம் வால்வு என்கிறோம். இக்கருவியின் திறன் 15 வாட். முன்பகுதியில் மூன்று 12ஏஎக்ஸ்7 வால்வுகள். ஸ்பீக்கரை இயக்கும் பகுதியில் இரண்டு ஈஎல்84 வால்வுகள்.

அதில் இரண்டு குறைகள் இருந்தன. ஒன்று, ஓயாத கரகரப்பு. மற்றொன்று, ஒலியைச் சற்றுக் கூட்டினாலே கிட்டாரின் நாதம் உடைந்து சீறியது. மென்குரலில் பாடும் பிள்ளைகளின் குரல் அதில் அமிழ்ந்துவிடும். "ஐந்து வால்வுகளையும் மாற்றிவிடுங்கள்" என்றே பலரும் அறிவுரை கூறினர்.

குறையறி சோதனைக்குப் பின்னரே குறைநீக்கல் போதனை என்பது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நான் கற்ற பாடம். எழுத்தறியாத மாணவனுக்கும் கண்பார்வை மங்கிய மாணவனுக்கும் ஒரே பயிற்சித்தாள் உதவாது. கருவிகளுக்கும் இது பொருந்தும்.

நல்ல நிலையிலுள்ள ஒரு 12ஏஎக்ஸ்7 வால்வை வாங்கி, மூன்று இடங்களிலும் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் மின்சாரத்தைத் துண்டித்து, வால்வு ஆறும்வரை காத்திருந்தேன். கிட்டார் கம்பி செருகும் துளைக்கு அருகிலுள்ள முதல் வால்வை மாற்றியதும் கரகரப்பு நின்றது. எடுத்த வால்வை மீண்டும் பொருத்திப் பென்சிலால் மெல்லத் தட்டியபோது ஸ்பீக்கரில் மணியோசை போல் ஒலித்தது. ஐயம் தீர்ந்தது.

ஈஎல்84 வால்வுகளைச் சோதனைக் கருவி வைத்திருக்கும் முதிய வானொலிப் பழுதுபார்ப்பாளரிடம் காட்டினேன். ஒன்று வலுவிழந்திருந்தது. இவை இணைந்து உழைப்பவை. ஆகவே, மின்னோட்டம் ஒத்த புதிய இணையாகவே இரண்டையும் மாற்றினேன். மாற்றியபின் உள்ளிருக்கும் உலோகத் தகடு செக்கச் சிவந்தால் உடனே கருவியை அணைத்துவிட வேண்டும். அளவுக்கு மீறிய மின்னோட்டத்தின் அறிகுறி அது.

இனி இரண்டாவது குறை. 12ஏஎக்ஸ்7 வால்வின் பெருக்கக் காரணி 100. அதே இடத்தில் பொருந்தும் 5751 வால்வுக்கு 70. 12ஏஒய்7 வால்வுக்கு ஏறத்தாழ 44. 1950களின் பிற்பகுதியில் வெளிவந்த ஃபெண்டர் பாஸ்மேன் கருவியின் முதல் வால்வு இந்த 12ஏஒய்7தான். அதையே முதலிடத்தில் பொருத்தினேன். நாதம் உடையாமல் தெளிந்தது. ராக் இசைக் கலைஞர் ஒருவர் இதை விரும்பாமல் போகலாம். அவர் தேடும் சீற்றம் வேறு. எனக்கு வேண்டிய தெளிவு வேறு.

கண்ணாடியில் அச்சிட்ட புகழ்ப்பெயரை நம்பித் தேர்வு செய்வதில் பயனில்லை. டங்-சோல் ஒரு காலத்தில் அமெரிக்க நிறுவனம். இன்று அப்பெயரில் விற்கப்படும் புதிய வால்வுகள் ரஷ்யாவின் சரத்தோவ் நகரில் உருவாகின்றன. பெயரைவிட அளவீடுகளையே கேட்டு வாங்குங்கள்.

ஓர் எச்சரிக்கை. இவ்விரு வகை வால்வுகளுக்கும் ஒன்பது ஊசிகளே. இடம் மாற்றிச் செருகினாலும் நுழைந்துவிடும். எனவே, கழற்றும் முன் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரை இணைக்காமல் கருவியை இயக்காதீர்கள். உட்பெட்டியைத் திறக்கவே வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்த பின்னரும் மின்தேக்கிகளில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். மாணவர் நடமாடும் இடத்தில் இதை நான் தொடுவதே இல்லை.

ஐந்தில் மூன்றை மாற்றினேன்; இரண்டு பழையனவே நன்றாக உழைக்கின்றன. சென்ற வாரப் பயிற்சியில், பின்வரிசையில் கூச்சத்தோடு பாடும் சிறுமியின் குரல் கிட்டாரையும் கடந்து என் செவியை எட்டியது.