சட்டம் படித்த பிள்ளையும் சொந்த ஊரும்

எமது ஊர்களிலே ஒரு பிள்ளை சட்டப் படிப்பிலே தேறிவிட்டால், அச்செய்தி வேலி கடந்து, ஒழுங்கை கடந்து, கோயில் வீதிவரை ஒரே நாளிற் பரவிவிடும். பெற்றோரைக் காண்போர் எல்லோரும், "பிள்ளை எந்தக் கோட்டிலே பேசப்போகிறார்? எந்தச் சீனியரிடம் சேர்ந்திருக்கிறார்?" என்று கேட்பர். வருமானம் பற்றிய வினாவொன்றும் உண்டு; அதனை வாய்விட்டுக் கேளாது, கலியாணப் பேச்சு வரும்வரை மனத்திலே வைத்திருப்பர். ஆயினும், "இப்பிள்ளையின் படிப்பினால் ஊருக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்பாரைக் காண்பது அரிது. அந்த வினாவையே இன்று வாசகர்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறோம்.

சட்டத்தொழிலுக்கு எம்மவரிடையே உள்ள மதிப்பு நேற்று வந்ததன்று. கொழும்பிலே இலங்கைச் சட்டக் கல்லூரி 1874 இல் ஆரம்பமாயிற்று. அப்புக்காத்துமார் என்றும் பிறக்கிராசிமார் என்றும் இரு வகையினராய் இருந்தோர், 1974 ஆம் ஆண்டு முதல் சட்டத்தரணிகள் என்னும் ஒரே பெயரின் கீழ் வந்தனர். அத்தொழிலாற் பெற்ற பெருமையைத் தம்மோடு வைத்துக்கொள்ளாத பெரியோரும் எம்மிடையே இருந்தனர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913 இல் மருதனார்மடத்திலே பெண்களுக்கென ஒரு கல்லூரியையும், 1921 இல் திருநெல்வேலியிலே பரமேசுவராக் கல்லூரியையும் நிறுவினார்.

பெரியோர் பெருங் காரியம் செய்தனர். பொருளும் புகழும் இன்னுந் தேடாத இளம் பட்டதாரி ஒருவர் என்ன செய்ய முடியும்? இதற்கு விடையை நாம் நூல்களிலே தேடவில்லை. எம்மிடம் கற்ற மாணவர் ஒருவரின் பக்கத்திலே, ஊர் வாசிகசாலையின் நீண்ட வாங்கில் இருந்து அதனைக் கண்டோம்.

அவர் சத்தியப்பிரமாணம் செய்து சட்டத்தரணியாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. 2019 ஆம் ஆண்டிலே ஒரு நாள் எமது வீட்டுக்கு வந்தார். "சேர், சனிக்கிழமை காலமை இரண்டு மணித்தியாலம் வாசிகசாலையிலை இருக்கப்போறன். சனங்கள் தங்கடை கடதாசியளைக் கொண்டுவந்து காட்டட்டும். காசு வேண்டாம். நீங்கள் பக்கத்திலை இருந்தால் கூச்சப்படாமல் கதைப்பினம்" என்றார். நாமும் இசைந்தோம். எமக்கு இட்ட பணி ஒரு கொப்பியிலே திகதியையும் விடயத்தையும் எழுதுவதே.

முதல் இரு சனிக்கிழமைகளும் பத்திரிகை வாசிக்க வந்தோரைத் தவிர ஒருவரும் வரவில்லை. மூன்றாம் வாரம் முதற் சிறிது சிறிதாக வரத் தொடங்கினர். கொலை வழக்கும் கொள்ளை வழக்கும் எவரும் கொண்டுவரவில்லை. சீலைப் பையிலும் பிஸ்கற் தகரத்திலும் மடித்து வைத்த காணி உறுதிகள், கந்தோர்களிலிருந்து சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வந்த கடிதங்கள், பெயரிலே ஓர் எழுத்து மாறிய அடையாள அட்டைகள் என்பனவே வந்தன. பரீட்சை விண்ணப்பத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லாத ஒரு மாணவனையும் தாயார் அழைத்து வந்தார். பிறப்பை 42 நாளுக்குள் பதிய வேண்டும் என்பதையும், தவறினால் காலங்கடந்த பதிவுக்கு வழி உண்டு என்பதையும் அன்றுதான் அத்தாயார் அறிந்தார். பிள்ளைக்கோ அப்போது வயது பதினைந்து.

கொப்பியிலே எழுதியவற்றுள் இரண்டு விடயங்கள் இன்றும் எமது நெஞ்சை விட்டு அகலாதன.

முதலாவது ஒரு பெண்ணுடையது. அவருடைய கணவர் 2009 இல், போரின் கடைசி மாதங்களிலே காணாமற் போனவர். மகளின் படிப்புச் செலவுக்காகத் தமது சீதனக் காணியை ஈடு வைக்க அவர் முயன்றார். இங்கே தேசவழமை குறுக்கே நின்றது. ஒல்லாந்தர் ஆட்சியிலே 1707 இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் திசாவை தொகுத்து, ஆங்கிலேயர் 1806 இல் சட்டமாக ஏற்றுக்கொண்ட அவ்வழமைச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் சொந்தக் காணியையும் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் இன்றி விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது. காணாமற் போனவரிடம் கையொப்பம் வாங்குவது எங்ஙனம்? "மரணச் சான்றிதழ் எடுத்து வாருங்கள்" என்று எவரோ சொல்லி அனுப்பிவிட்டனர். அப்பெண் எம்மைப் பார்த்து, "உயிரோடை இருக்கிறார் எண்டு நம்பியிருக்கிற மனிசனைச் செத்துப்போனார் எண்டு நான் எப்பிடி ஐயா எழுதிக் குடுக்கிறது?" என்று கேட்டார். எமக்கு விடை தெரியவில்லை.

எமது மாணவருக்கு விடை தெரிந்திருந்தது. தேசவழமையின் இப்பகுதியை ஒழுங்குபடுத்திய 1911 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்திலேயே, கணவனின் இருப்பிடம் அறியப்படாதவிடத்து மனைவி மாவட்ட நீதிமன்றிலே மனுச் செய்து, அவருடைய சம்மதமின்றிக் காணியைக் கையாள அனுமதி பெறலாம் என்று ஒரு பிரிவு உண்டு. அதற்குக் கணவரை இறந்தவர் என்று கூற வேண்டியதில்லை. அன்றியும், 2016 இல் வந்த திருத்தச் சட்டமொன்றினால், "இறந்தார்" என்னாது "காணப்படவில்லை" என்று மட்டும் உரைக்கும் சான்றிதழ் ஒன்றும் பெற வழி ஏற்பட்டிருந்தது. அவர் இதனை எளிய தமிழிலே இருமுறை விளக்கி, வேண்டிய கடதாசிகளை நிரற்படுத்தி, சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார். அதற்குச் சென்ற நேரம் முக்கால் மணித்தியாலம். ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சட்டப் புத்தகத்திலே இருந்த வழி, அப்பெண்ணின் வீட்டு வாசலுக்கு வந்து சேரப் பத்து ஆண்டுகள் பிடித்திருந்தன.

இரண்டாவது ஒரு முதியவருடையது. 1995 ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது வலிகாமத்திலிருந்து புறப்பட்டவர். நான்கு பரப்பு வளவையும் வீட்டையும் உறவினர் ஒருவரின் பொறுப்பிலே விட்டுச் சென்றார். திரும்பி வந்தபோது அவ்வுறவினர் காலமாகிவிட, அவருடைய மக்கள் வளவு தமதே என்று நின்றனர். 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, உரிமையாளருக்கு எதிராகப் பத்து ஆண்டுகள் இடையீடின்றி ஆண்டு அனுபவித்தவர் காணிக்கு உரிமை கோரலாம். போர்க்காலத்திலே தம் உரிமையை நாட முடியாதிருந்தோருக்காக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடாது விடுமாறு 2016 இல் 5 ஆம் இலக்கச் சிறப்புச் சட்டமொன்று வந்தது. ஆனால், அதன்கீழ் வழக்குத் தொடுக்க விடப்பட்ட காலம் இரண்டு ஆண்டுகளே. முதியவர் வாசிகசாலைக்கு வந்த நாளில் அக்காலம் முடிந்து ஓராண்டு கடந்திருந்தது.

அப்படியொரு சட்டம் வந்ததையே தாம் கேள்விப்படவில்லை என்றார் அவர். கோயிலிலே கேட்கவில்லை, சங்கக் கடையிலே கேட்கவில்லை, எவரும் சொல்லவில்லை. எமது மாணவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, "அப்பு, நீங்கள் வெளிக்கிடேக்கை அவருக்கு ஏதும் எழுதிக் குடுத்தனீங்களோ?" என்று கேட்டார். அடுத்த வாரம் முதியவர் ஒரு பழைய கடிதத்தைக் கொண்டுவந்தார். வளவைக் கவனமாகப் பார்த்துக்கொள்வதாகவும், திரும்பி வந்ததும் ஒப்படைப்பதாகவும் அவ்வுறவினர் வன்னிக்கு எழுதியது. உரிமையாளரின் அனுமதியோடு குடியிருந்தவரின் ஆட்சி அவருக்கு எதிரான ஆட்சி ஆகாது என்பது சட்டத்தின் நெறி. ஆகவே, முழு நம்பிக்கையும் போய்விடவில்லை என்று கூறி, அக்கடிதத்தோடு அவரை ஒரு மூத்த சட்டத்தரணியிடம் அனுப்பி வைத்தார். ஆயினும், இரண்டு ஆண்டுகள் திறந்திருந்த கதவு மூடிவிட்டது என்பது உண்மையே. அதனை எந்த வாதத்திறமையாலும் மீண்டும் திறக்க இயலாது.

அன்று வீடு திரும்பியபின் நாம் நெடுநேரம் சிந்தித்தோம். உரிமை எனப்படுவது சட்டப் புத்தகத்திலே எப்போதும் இருப்பது என்று எண்ணுகிறோம். உண்மையிலே ஒவ்வோர் உரிமைக்கும் ஒரு திகதி உண்டு. அரசின் செயலினால் அடிப்படை உரிமை மீறப்பட்டதாக முறையிட விரும்புபவர், அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரைப்படி, ஒரு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள உயர் நீதிமன்றை நாட வேண்டும். முல்லைத்தீவிலே உள்ள ஒருவர் செய்தி அறிந்து, சட்டத்தரணியைத் தேடி, பயணச் செலவும் சேர்ப்பதற்குள் அம்மாதம் கழிந்துவிடும். அம்மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கு விசாரணை நடைபெறும் காலம் அவ்வொரு மாதக் கணக்கிலே சேராது என்பதை எத்தனை பேர் அறிவர்? நீதிமன்றிலே தோற்ற உரிமைகளைக் காட்டிலும், திகதி அறியாமல் வீட்டிலேயே மாண்ட உரிமைகளே எமது ஊர்களில் மிகுதி என்று தோன்றுகிறது. இளம் பட்டதாரி செய்யக்கூடிய தொண்டு இங்கேதான் இருக்கிறது. கடதாசியை உரிய காலத்திலே, உரியவரின் மொழியிலே வாசித்துச் சொல்வதே அது.

இத்தகைய தொண்டுக்கு உலகறிந்த எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. 1894 இல் தென்னாபிரிக்காவின் டேர்பன் நகரிலே மோகன்தாஸ் காந்தி சட்டத்தொழில் தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தபோது, பாலசுந்தரம் என்னும் தமிழ்க் கூலித் தொழிலாளி கிழிந்த உடையோடு, தலைப்பாகையைக் கையிலே பிடித்தவாறு அவரிடம் வந்தார். எசமானன் அடித்ததனால் முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயிலிருந்து இரத்தம் ஒழுகியது. காந்திக்கு அவருடைய மொழி விளங்கவில்லை. அலுவலகத்திலே இருந்த தமிழ் எழுதுவினைஞரே விடயத்தை எடுத்துக் கூறினார். காந்தி முதலிலே செய்தது மருத்துவரிடம் அனுப்பிச் சான்றிதழ் பெற்றது. பின்பு நீதவானிடம் அழைத்துச் சென்றார். எசமானனைத் தண்டிப்பதிலே மனத்தைச் செலுத்தாது, ஒப்பந்தத்தை வேறொருவருக்கு மாற்றித் தொழிலாளியை விடுவிப்பதிலேயே கருத்தாயிருந்தார். பெரும் பேச்சு அங்கே எதுவும் நிகழவில்லை. ஒரு சான்றிதழ், ஒரு சட்டப் பிரிவு, விளங்கும் மொழியிலே ஒரு துணை. இவையே ஓர் ஏழையை மீட்டன.

இன்று சில நாடுகள் இதனைக் கடமையாகவே ஆக்கியுள்ளன. அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்திலே சட்டத்தொழிலிற் புதிதாகச் சேர்வோர், 2015 முதல், ஐம்பது மணித்தியாலங்கள் ஊதியமின்றிச் சட்டப்பணி செய்திருத்தல் வேண்டும். வாரம் இரண்டு மணித்தியாலம் என்றால் இருபத்தைந்து சனிக்கிழமைகள். எமது நாட்டிலும் 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தினால் சட்ட உதவி ஆணைக்குழு நிறுவப்பட்டு, பல நகரங்களிலே கிளைகளோடு இயங்குகிறது. 1988 ஆம் ஆண்டின் சட்டத்தினாலே மத்தியஸ்த சபைகளும் தோன்றின. ஆனால், கிளை இருப்பதை அறியாதவர் அங்கே போகமாட்டார். நகரத்துக் கந்தோருக்கும் கிராமத்துப் படலைக்கும் இடையே நடந்து செல்ல ஒருவர் வேண்டும்.

இதற்குப் பெற்றோர் கூறும் தடைகளையும் நாம் கேட்டிருக்கிறோம். "பிள்ளை உழைக்க வேண்டிய வயது" என்பர். உண்மை. கடன்பட்டுப் படிப்பித்த பெற்றோர் அவ்வாறு கூறுவதிலே குற்றம் இல்லை. ஆயினும், வாரத்திலே இரண்டு மணித்தியாலம் எந்தத் தொழிலையும் கெடுத்துவிடாது. "அனுபவம் இல்லாதவர் பிழையாகச் சொல்லிவிட்டால்?" என்றும் கேட்பர். இது தக்க வினா. எமது மாணவர் இதற்காகச் சில ஒழுங்குகளை வைத்திருந்தார். வாசிகசாலைக்கு வந்த எவருடைய வழக்கையும் தாம் பணம் பெற்று எடுப்பதில்லை. எதிரெதிரான இரு பகுதியாரும் வந்தால், இருவரையும் வேறிடம் அனுப்புவார். தெரியாதவற்றுக்கு, "எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்லுறன்" என்று கூசாமற் கூறி, தமது சீனியரிடம் கேட்டு அடுத்த வாரம் சொல்வார். எவரையும் ஒரு திகதியும் ஒரு முகவரியும் எழுதிக் கொடாமல் அனுப்பமாட்டார்.

இதனால் அவர் இழந்தது என்ன? சில சனிக்கிழமைக் காலைகள். பெற்றதோ பெரிது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். பல்கலைக்கழகத்திலே தேசவழமையைப் பாடமாகக் கற்றவர், அது ஒரு பெண்ணின் வாழ்விலே எவ்வாறு முடிச்சு இடுகிறது, எவ்வாறு அவிழ்கிறது என்பதை அவ்வாங்கிலே இருந்துதான் கற்றார். உறுதியை வாசிக்குமுன் மனிதரை வாசிக்கப் பழகினார். சட்டம் பயிலும் மாணவர்கள் இதனை மனத்திற் கொள்ளுதல் நன்று. இறுதிப் பரீட்சை முடிந்து மூத்தவரிடம் பயிலும் காலத்திலேயே, அவருடைய மேற்பார்வையின் கீழ் இப்பணியைத் தொடங்கலாம். வழக்கிலே தோன்ற அனுமதி இன்னும் கிடைக்காவிடினும், ஒரு கடிதத்தை வாசித்துப் பொருள் சொல்லவும், போகவேண்டிய இடத்தைக் காட்டவும் தடையில்லை.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். சட்டம் படித்த பிள்ளை சனிக்கிழமை காலையிலே வாசிகசாலைக்குப் போகப் புறப்பட்டால், "என்ன கிடைக்கும்?" என்று கேளாது, ஒரு கோப்பை தேநீர் கொடுத்து அனுப்புங்கள். அப்படியொரு பிள்ளை இல்லாத வீட்டார், பெட்டியின் அடியிலே கிடக்கும் தகரத்தை இவ்வாரமே திறந்து பாருங்கள். உறுதி எவருடைய பெயரிலே இருக்கிறது, பிள்ளைகளின் பிறப்புப் பதிவு சரியா, பதில் எழுதாத கடிதம் ஏதும் உண்டா என்று நோக்குங்கள். பழைய கடிதம் எதனையும் எரித்துவிட வேண்டாம்.